ஐந்து மில்லிமீட்டர் தண்ணீர்

அழுத்தம் பார்க்கிற சாய்வுக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் இன்னும் அடங்கவில்லை. அது அடங்குகிற வரைக்கும் மேஜையைத் தொடக்கூடாது, மூச்சைக்கூட அந்தப் பக்கம் விடக்கூடாது; பதினெட்டு வருஷப் பழக்கம் வசந்தாமணிக்கு. ஆனால் இன்றைக்கு ஆடுவது தண்ணீரா தன் கையா என்று அவளுக்கே தெரியவில்லை. கையைத் தூக்கிப் பார்த்தாள். கைதான். மடியில் வைத்து இன்னொரு கையால் அமுக்கிக்கொண்டாள். நாலடி தள்ளி, ஆள் வந்தால் உட்காரப் போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான், வலது காலை மடக்க முடியாமல் நேராக நீட்டிக்கொண்டு, ஏசி காற்று தலையில் இறங்குகிறதென்று கர்ச்சீப்பை விரித்து வழுக்கையை மூடிக்கொண்டு. மனசுக்குள் அவன். வாயில் சார். பத்தரை மணிக்குக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்ததிலிருந்து நாலைந்து சார் வந்துவிட்டது, ஒவ்வொன்றும் மீன்முள் மாதிரி தொண்டையில் நின்று நின்றுதான் வந்தது. முதல் சார் மட்டும் சும்மா வந்தது, அப்போது அவன் யாரென்று தெரியாது. ஜாப் கார்டை எடுத்து வைத்துக்கொண்டு, "பேருங்க சார்" என்றாள். "சந்திரமோகன். மில் சந்திரமோகன்னு போடுங்க அம்மிணி, எல்லாத்துக்கும் தெரியும்" என்றான். 'ச' போட்டதற்கு மேல் பேனா நகரவில்லை. ஆறு வருஷமாகத் தினமும் சாயங்காலம் விளக்கைப் பற்றவைக்கும்போது, நாசமாய்ப் போக என்று சேர்த்து நினைத்துக்கொள்கிற பேர். முகம் பார்த்ததில்லை. அவனும் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. வந்திருந்தால்தானே பார்ப்பதற்கு. அவள் புருஷன் குழந்தைவேல் அவனோடு விமானத்தில் பறந்து விழுந்து செத்ததற்குத் துக்கம் கேட்க ஒரு மேனேஜரையும் ஒரு ரோஜா மாலையையும் அனுப்பினான். மேனேஜர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே மாலையை நீட்டிவிட்டுப் போனான். சரி, ஆஸ்பத்திரியில் மூன்று மாசம் படுத்திருந்தான், வரமுடியவில்லை என்று வை. நாலாம் மாசம் என்ன கேடு வந்தது.

தண்ணீர் அடங்கிவிட்டது. பதினெட்டு. அவன் கொண்டுவந்த கறுப்புப் பெட்டியின் முகத்தில் பச்சை அணைந்து மஞ்சள் எரிந்தது, சரியாக எரிந்தது, வேண்டுமென்றே அவளை வெறுப்பேற்றுகிற மாதிரி அத்தனை சரியாக. உள்ளங்கை அகலப் பெட்டி, பின்னால் இரண்டு ரப்பர் குழாய். கணபதியில் இருக்கிற இந்தப் பட்டறைக்கு வருவதெல்லாம் பாய்லர் கேஜ், பம்ப் கேஜ், கம்ப்ரசர் கேஜ், முரட்டுச் சாமான்கள், ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் முள் இடத்துக்கு வந்துவிடும். இது அப்படியில்லை. ஊதினால் போதும் விளக்கு மாறிவிடும். இத்தனை சின்ன அழுத்தத்தைப் பிடித்துப் பார்க்க வசந்தாமணியை விட்டால் ஆளில்லை என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், சொன்னவன் வாயில் சர்க்கரை போட வேண்டும். முதலாளி சம்பத் காலையிலேயே திருப்பூருக்குப் போய்விட்டார். கேட்க ஆளில்லை, பார்க்க ஆளில்லை. அவன் வீட்டிலேயே தகடு தகடாகச் சேர்த்துக் கட்டின, இரண்டு பேர் போகிற சின்ன விமானத்துக்கான மானி இது. இறக்கைக்கு அடியில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், அதில் இரண்டு துளை, ஒன்று எதிர்க்காற்றைப் பார்த்து, இன்னொன்று கீழே சரிந்து பார்த்து. விமானம் மூக்கைத் தூக்கத் தூக்க அந்த இரண்டு துளைக்கும் நடுவிலுள்ள அழுத்த வித்தியாசம் குறைந்துகொண்டே வரும். குறைந்து குறைந்து ஒரு இடத்தில் இறக்கை காற்றை விட்டுவிடும். விட்டால் விழவேண்டியதுதான். அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே சிவப்பு எரிந்து சத்தம் போட வேண்டும், ஓட்டுகிறவன் மூக்கை இறக்கிக்கொள்வான், பிழைத்துக்கொள்வான். அவன் உயரத்தில் பறந்து பறந்து பார்த்து எழுதிக்கொண்டு வந்த தாள் முன்னால் இருந்தது. பதினெட்டில் மஞ்சள். பன்னிரண்டில் சிவப்பும் சத்தமும். எட்டில் இறக்கை விடுகிறது. எல்லாம் மில்லிமீட்டர் தண்ணீர்க் கணக்கு. பெட்டியின் முதுகில் ஒரு குட்டித் திருகு, கடுகு அளவு தலை. அதைத் திருப்பித்தான் சிவப்பை நிறுத்த வேண்டும். பன்னிரண்டில் நிறுத்தலாம். ஏழிலும் நிறுத்தலாம். ஏழில் நிறுத்தினால் எட்டில் விழ ஆரம்பித்த பிறகு ஏழில் கத்தும், விழுகிறாய் விழுகிறாய் என்று, ரொம்ப உபகாரமாக. நடுவில் ஐந்து மில்லிமீட்டர். ஒரு டம்ளரின் அடியில் மிச்சம் விடுகிற தண்ணீர்கூட அதற்கு மேல் இருக்கும்.

அவள் புருஷன் இதை அவளுக்குப் பஸ்ஸில்தான் சொல்லிக்கொடுத்தார். கல்யாணமான புதிதில் இல்லை, அதெல்லாம் கழிந்து எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம், உடுமலைக்கு ஒரு சீமந்தத்துக்குப் போகும்போது. ஜன்னலோரம் உட்கார்ந்து கையை வெளியே நீட்டி, "இதா பாரு, உள்ளங்கையக் கொஞ்சமாச் சாச்சா மேல தூக்குது பாத்தியா, இன்னுங் கொஞ்சம் சாச்சா இன்னும் தூக்குது, ரொம்ப ஆசப்பட்டு நட்டக்குத்தலா நிறுத்துனா அவ்வளவுதான், தூக்கறத விட்டுப்போட்டுத் தொப்புனு வுளுந்துரும்" என்றார். கண்டக்டர் வந்து, "கைய உள்ள எடுங்கண்ணா" என்று சத்தம் போட்டான். அவருக்கு அப்போதே அந்தக் கிறுக்குப் பிடித்திருந்தது. அந்தப் பக்கம் காற்றாலைகளைத் தாண்டி மில்காரர் ஒருவர் சொந்தமாக ஓடுதளம் போட்டு விமானம் கட்டுகிறார், எஞ்சினுக்கு ஆள் வேண்டுமாம் என்று யாரோ சொல்லப்போய், ஞாயிற்றுக்கிழமையானால் பஸ் ஏறிவிடுவார். காரிலிருந்து கழற்றின எஞ்சின், அதைப் பிரித்து, தேய்த்து, எடை குறைத்து, பதினோரு மாசம் பாடுபட்டு ஓட்டிக் காட்டினார். அந்த எஞ்சின் ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட, தானாக நின்றதில்லை. தன் பட்டறையில் ஸ்டாண்டில் கட்டி ராத்திரி பகலாக ஓடவிட்டபோது மேலே ஒரு டம்ளர் மோரை வைத்துக் காட்டினார், மோர் சிந்தவில்லை. அதை இப்போது யாரிடம் போய்ச் சொல்வது. இறக்கை காற்றை விடப்போகிறது என்றால் சொல்வதற்கு அந்த விமானத்திலும் ஒன்று இருந்தது, இந்த மாதிரி விளக்கெல்லாம் இல்லை, இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சின்னத் தகடு, அதிலிருந்து வயர் இழுத்த ஒரு ஊதல். மூக்கு அதிகம் தூக்கினால் வீல் என்று ஒரே இழுப்பாகக் கத்தும். அது இறங்கும்போதெல்லாம் கத்தும், ஏனென்றால் ஒழுங்காக இறங்குகிற விமானம் சக்கரம் தரையைத் தொடுவதற்கு முந்தின நொடியில் அந்த எல்லைக்குப் போய்த்தான் ஆகவேண்டும். கத்தினால் சரியாக இறங்குகிறான் என்று அர்த்தம். ஆனால் சாகிறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போதே முணுமுணுத்துக்கொண்டு வந்தார். "ஊதலோட வயரக் கழட்டிப் போட்டுட்டாரு புள்ள. நாளைக்கு மகளப் பாக்கச் சம்பந்தி வீட்டாளுக வர்றாங்களாம். நல்ல காரியத்துக்கு வர்றவங்க முன்னால ஒப்பாரியாட்டம் கத்துனா அபசகுனமாம். காத்தால வெள்ளனே போயி மாட்டிப்போடணும்." வெள்ளனே போனார். ஆனால் அதற்கும் முன்னாலேயே எழுந்து குளித்துப் பட்டுச்சட்டை போட்டுக்கொண்டு நின்றவன் இவன்தான். ஏறு கொழந்தவேலு ஒரு ரவுண்டு போயிட்டு வந்துரலாம் என்று ஏற்றிக்கொண்டான். பந்தலுக்கு மேலே, சம்பந்தி வீட்டார் அண்ணாந்து பார்த்துக் கையாட்டுகிற உயரத்தில், மெதுவாக, மூக்கைத் தூக்கி, திரும்பினான். ஊதல் ஊதவில்லை. சகுனம் கெடவில்லை. வலது பக்கம் முதலில் தரையில் பட்டது. அவர் உட்கார்ந்திருந்த பக்கம்.

"முடிஞ்சுதுங்களா அம்மிணி" என்று கேட்டான். "இல்லைங்க சார், தண்ணி அடங்கோணும்" என்றாள். அடங்கித்தான் இருந்தது. ஆறாவது சார். எத்தனை சாருக்குப் பிறகு ஒரு மனுஷிக்குப் பைத்தியம் பிடிக்கும் என்று யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா. அவளிடம் எழுதி வைத்தது ஒன்று இருந்தது, பீரோவில் சேலைக்கு அடியில், போலீஸ் ஸ்டேஷனில் கெஞ்சி வாங்கின அவன் வாக்குமூலத்தின் நகல், படித்துப் படித்து மடிப்பில் கிழிந்து போனது. எழுத்தைப் பார்க்காமலே அவளால் ஒப்பிக்க முடியும். விமானம் ஸ்டால் ஆகிவிட்டதாக, அதாவது எஞ்சின் நின்றுவிட்டதாக, மேற்படி சந்திரமோகன் தெரிவித்தார். அதாவது. அந்த அதாவதைப் போட்ட கை எந்தக் கை என்று அவளுக்குத் தெரியும், ஆஸ்பத்திரிக்குப் போய் அதை எழுதி வந்த போலீஸ்காரரை ஸ்டேஷனில் மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று கண்ணால் பார்த்தாள். காரியம்கூட முடியவில்லை, தலைக்குக் குளித்த ஈரத்தோடு போய் நின்று சொன்னாள். "சார், ஸ்டால்னா விமானத்துக்கு எஞ்சின் நிக்கறதில்லைங்க." இன்ஸ்பெக்டர் கெட்டவரில்லை, பாவம், உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். "ஏம்மா, எங்க ஜீப்பு தெனம் ரெண்டு தடவ ஸ்டால் ஆகுது. எஞ்சின் நிக்காம பின்ன என்ன நிக்குது?" "றெக்கை நிக்குதுங்க சார்" என்றாள். எழுதிக்கொண்டிருந்த அந்தப் போலீஸ்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். றெக்கை நிற்குமா. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, காருக்கு ஒன்றும் விமானத்துக்கு ஒன்றுமாக அர்த்தம் வைத்திருக்கிற தரித்திரம் பிடித்த வார்த்தை, அது அவருடைய பிணத்தைத் தூக்கி அவர் கட்டின எஞ்சின் மேலேயே போட்டுவிட்டது. எஞ்சின் நின்றது, எஞ்சின் கட்டினவன் செத்தான், கேஸ் முடிந்தது. ஆடு மேய்த்த கிழவர் ஒருவர் கேட்காமலே வந்து சொன்னார், உறுமிக்கிட்டேதானுங்க வுளுந்துச்சு, வுளுந்தும் உறுமுச்சு என்று. அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. சரி, போலீஸுக்குத் தெரியாது. பேப்பர்காரனுக்குத் தெரியாது. இவனுக்குத் தெரியாதா. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு இவன் சொன்னது ஸ்டால் என்றுதான், அது நிஜம், அது உண்மையான வார்த்தை. ஆனால் எழுதினதைத் திரும்பப் படித்துக் காட்டினார்கள், எஞ்சின் நின்றுவிட்டதாக என்று படித்துக் காட்டினார்கள், படிக்கக் கேட்டுச் சரி என ஒப்புக்கொண்டு என்று கீழே இருக்கிறது, அதற்குக் கீழே இவன் கையெழுத்து இருக்கிறது, வாலை நீட்டிச் சுழித்து. அப்போது ஒரு வாய் திறந்திருந்தால் போதும். இல்லைங்க, எஞ்சின் ஓடிட்டுத்தான் இருந்துச்சு. நாலு வார்த்தை.

அதற்கப்புறம் பதினாறு நாள்கூடப் பொறுக்கவில்லை ஜனங்கள். அவர் பட்டறையில் ரிப்பேருக்கு விட்டிருந்த டீசல் எஞ்சின்களைத் தோட்டக்காரர்கள் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். தப்பா நெனைக்காத அம்மிணி, நெல்லு காயுது. தப்பா நெனைக்காத அம்மிணி, வேற எடத்துல சொல்லிட்டோம். ஒவ்வொருவரும் வாசல்படியில் நின்று இப்படிச் சொல்லிவிட்டுப் பின்பக்கமாகப் போய் எஞ்சினைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். அவர் கையால் வால்வு உட்காரவைத்த எஞ்சின்கள். கொழந்தவேலு பண்ணதா, நடுவழியில நின்னுக்கும் என்று சந்தையில் ஒருவன் சொல்லிச் சிரித்ததை அவள் காதாலேயே கேட்டாள், கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள், பொறுக்கினதையெல்லாம் திரும்பக் கொட்டிவிட்டு வெறும் பையோடு வீட்டுக்கு வந்தாள். சாவைக்கூட மனசு ஒரு வழியாக ஜீரணித்துக்கொண்டது, எல்லோர் வீட்டிலும் சாவு இருக்கிறது. இதை முடியவில்லை. அவர் வாழ்நாளில் செய்த ஒரே காரியம் எஞ்சினை நிற்காமல் ஓடவைப்பது. அதைச் செய்யத் தெரியாமல் செத்தார் என்று முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள். அவன் கர்ச்சீப்பைச் சரிசெய்துகொண்டான். செருமினான். அந்தச் செருமலைக் கேட்டதும் அவள் விரல் தானாகக் குட்டித் திருப்புளியை எடுத்தது. பன்னிரண்டிலிருந்து அரைத் திருப்பு. குழாயோடு மாட்டின சிரிஞ்சை இழுத்துத் தண்ணீரைக் குறைத்தாள், பன்னிரண்டு, பதினொன்று, பத்து, மஞ்சள் எரிந்துகொண்டே இருந்தது. ஒன்பது. எட்டு. எட்டிலும் மஞ்சள், சாதுவாக, ஒன்றுமில்லை போ என்று. ஏழில் சிவப்பு. அப்பாடா. எத்தனை சுலபம். கையும் நடுங்கவில்லை இப்போது. மேலே ஒரு சொட்டு சிவப்பு வார்னிஷ் வைத்துச் சீல் பண்ணி, சர்ட்டிபிகேட்டில் பன்னிரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள். திரும்புவான். மஞ்சள்தானே என்று இன்னும் கொஞ்சம் மூக்கைத் தூக்குவான். வயிறு திடீரென்று லேசாகும். அந்த ஒரு நொடியில் அவனுக்குத் தெரிய வேண்டும், ஐயோ என்று தெரிய வேண்டும், அவருக்குத் தெரிந்த மாதிரி. அவருக்குத் தெரிந்திருக்கும். வயர் கழன்று கிடப்பது அவருக்குத் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்து என்னவெல்லாம் சொன்னாரோ, மூக்க எறக்குங்க மூக்க எறக்குங்க என்று கத்தினாரோ, பெரிய மனுஷனிடம் எப்படிக் கத்துவது என்று யோசித்தாரோ. அப்படித்தான் யோசித்திருப்பார், அவர் சுபாவம் அது. நினைத்ததும் வார்னிஷ் பாட்டிலைத் திறந்துவிட்டாள்.

"இதுக்கு முன்னாடி ஒண்ணு வச்சிருந்தேனுங்க அம்மிணி" என்று அவனாகவே ஆரம்பித்தான், சும்மா உட்கார்ந்திருக்க முடியாத ஆள் போலிருக்கிறது. "வுளுந்துருச்சு. இந்தக் கால் அப்பப் போனதுதான்." அவள் குச்சியை வார்னிஷில் முக்கினபடியே, "எப்படிங்க சார் வுளுந்துச்சு" என்றாள். தன் குரல் இத்தனை சாதாரணமாக வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அவன் மோவாயைத் தடவிக்கொண்டான். "எஞ்சின் நின்னு போச்சுங்க" என்றான். கூசாமல் சொன்னான். தயங்கக்கூட இல்லை. ஆறு வருஷத்தில் எத்தனை கல்யாண வீட்டில், எத்தனை கிளப்பில் சொல்லிச் சொல்லி வழுவழுப்பாகிவிட்ட வாக்கியம் அது, பொய் என்று அவனுக்கே மறந்து போயிருக்கும். "கூட ஒருத்தர் வந்தாரு, பாவம், அவர் பண்ண எஞ்சின்தான், அவரே போயிட்டாரு." பாவமாம். வார்னிஷ் குச்சியிலிருந்து ஒரு சொட்டு ஜாப் கார்டில் விழுந்தது. எழுந்து போய் அவன் கழுத்தைப் பிடித்துவிடலாம், கண்ணாடிக் குழாயை உடைத்துச் சொருகிவிடலாம். வேண்டாம், ஐந்து மில்லிமீட்டர் இருக்கிறது, அதுவே நிதானமாகச் செய்யும். திருகின் தலைக்கு மேலே குச்சியைக் கொண்டுபோனாள். சீல் வைத்துவிட்டால் முடிந்தது. ஏனோ வைப்பதற்கு முன்னால் வாய் கேட்டது, "இப்ப எஞ்சின் யாருங்க சார் பண்ணுது?" "பல்லடத்துல ஆறுமுகம்னு ஒருத்தருங்க. நல்ல வேலைக்காரர். மூணு பொம்பளப் புள்ளைக, பாவம், பாடுபடறாரு." எல்லாரும் இவனுக்குப் பாவம்தான்.

குச்சி அந்தரத்தில் நின்றது. பல்லடத்து ஆறுமுகத்தை அவள் பார்த்ததில்லை, பார்க்கவும் வேண்டாம், கையில் கருப்பு ஏறின நகம், சட்டைப் பையில் வால்வு இடைவெளி பார்க்கிற ஃபீலர் கேஜ், தெரிந்த ஆள்தான். இவன் விழுவான். ஒரு ஸ்டேஷனில் ஒரு மேஜையில் யாரோ ஒருவர் எழுதுவார், ஸ்டால் ஆகிவிட்டதாக, அதாவது எஞ்சின் நின்றுவிட்டதாக. மறுபடியும் அதாவது. பல்லடத்தில் ஒரு பட்டறையிலிருந்து தோட்டக்காரர்கள் எஞ்சினைத் தள்ளுவண்டியில் ஏற்றுவார்கள். தப்பா நெனைக்காதீங்க ஆறுமுகண்ணா. ஆறுமுகம் உயிரோடு நின்று அதைப் பார்க்க வேண்டும், அது இன்னும் கேவலம். அது மட்டுமா. இவன் செத்தால் பேப்பரில் படம் போடுவார்கள், பறக்கும் ஆசையில் உயிர்விட்ட தொழிலதிபர், இரண்டாவது முறையும் எஞ்சின் கோளாறு. இரண்டாவது முறையும். அப்புறம் தன் புருஷன் பேர் இன்னும் ஆழமாகப் புதைந்துபோகும், தோண்டவே முடியாது, தோண்டிச் சொல்லக்கூடிய ஒரே வாய் இவன் வாய்தான், அதில் மண் விழுந்துவிட்டால் யார் சொல்வது. இது அவளுக்கு இதுவரைக்கும் தோன்றவே இல்லை. ஆறு வருஷமாக நாசமாய்ப் போக என்று விளக்குக்கு முன்னால் நின்றிருக்கிறாள், போனால் என்ன ஆகும் என்று ஒரு நாளாவது யோசித்தாளா. செத்தவனுக்குக் காது கேட்குமா, வெட்கம் வருமா, தூக்கம் கெடுமா. அவன் நிம்மதியாகப் போய்ச் சேருவான், ஒரு நொடி வயிறு லேசாகும், அவ்வளவுதான், ஒரு நொடி. அவளுக்கு ஆறு வருஷம். இந்தக் கணக்கு எந்த ஊர் நியாயம். ஒரு நொடி போதாது அவனுக்கு. நிறைய நொடி வேண்டும். அவன் நூறு வயசு இருக்க வேண்டும், காது நன்றாகக் கேட்க வேண்டும். குச்சியை வார்னிஷ் பாட்டிலுக்குள்ளேயே போட்டு மூடினாள், கோபம் அடங்கி இல்லை, கோபத்துக்கு இது பற்றவில்லை என்று.

"ஒரு உபகாரமுங்க அம்மிணி" என்று அவன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். "சிவப்பு வந்தா அதுல ஒரு குரல் பேசுது, இங்கிலீஷ்ல. ஒரு வெள்ளக்காரி. எறங்கறப்பல்லாம் தொண்டை கிழியக் கத்தறா, நமக்கு என்ன சொல்றான்னே வெளங்கறதில்ல. தமிழ்ல மாத்திக்கலாமாம். பக்கத்துல பட்டன் இருக்குது பாருங்க, அத அமுக்கிட்டுப் பேசுனா பதிவாயிருமாம். நீங்களே ஒரு வார்த்த பேசிக் குடுத்துருங்க, மூக்க எறக்குங்கன்னு ஏதாச்சும், பொம்பளக் குரல்னா காதுல ஏறும்னு சொல்றாங்க." சொல்லிவிட்டுக் குரலைத் தணித்தான். "அப்பறம் அந்தச் சத்தத்துக்குப் போற வயர்ல ஒரு சுவிட்ச் போட்டுக் குடுத்துருங்க. வேண்டாதப்ப ஆஃப் பண்ணிக்கலாம். யாராச்சும் பாக்க வந்துருக்கறப்ப கத்துனா நல்லாருக்காது பாருங்க." அவள் நிமிர்ந்து அவனை முழுசாகப் பார்த்தாள். வந்ததிலிருந்து முதல் தடவையாக முழுசாக. ஒரு உயிரைக் காவு கொடுத்து, ஒரு காலைக் கொடுத்து, இன்னும் அதே வயரிலேயே கையை வைக்கிறான். ஐந்து மில்லிமீட்டர் எதற்கு, கேட்டதைச் செய்துகொடுத்தாலே போதும் போலிருக்கிறதே. "இது இல்லாமப் பறந்தா ஆகாதுங்களா சார்" என்று கேட்டாள். "அய்யோ, ஆகாதுங்க. மக கண்டிசனாச் சொல்லிப்போட்டா. இந்த மானி இல்லாம ஏறுனா வீட்டுக்குள்ள சேத்தமாட்டேன்னுட்டா. எனக்குமே பயந்தான், வெளிய சொல்லிக்கறதில்ல." "சரிங்க சார், ஒரு அரை மணி நேரம் ஆகுமுங்க" என்றாள். அந்த சார் முள்ளில்லாமல் வந்தது.

திருகைத் திருப்பினாள். ஏழிலிருந்து எட்டு, ஒன்பது, மெதுவாக, அவசரப்பட்டால் தாண்டிவிடும். பன்னிரண்டில் சிவப்பு வரவேண்டும், பன்னிரண்டே காலில் வந்தால்கூட அவளுக்கு ஆகாது. மூன்று தடவை தண்ணீரை ஏற்றி இறக்கிப் பார்த்தாள், மூன்று தடவையும் பன்னிரண்டு. இத்தனை வருஷத்தில் அவள் மேஜையை விட்டுத் தப்பான மானி ஒன்று போனதில்லை, அவர் எஞ்சின் நிற்காத மாதிரி. இதை வைத்து ஒரு காலத்தில் வீட்டில் இரண்டு பேருக்கும் போட்டியே நடக்கும். சீல் வைத்தாள். பெட்டியின் முதுகைத் திறந்தாள். சத்தத்துக்கு வருகிற வயரை வெட்டி, விளக்குக்கு மின்சாரம் போகிற அதே வழியோடு சேர்த்துப் பற்றவைத்தாள், சத்தத்தை அறுத்தால் பச்சையும் போகும் சிவப்பும் போகும், மானியே செத்துப்போகும். பதிவு பண்ணுகிற பட்டனின் வயரை மட்டும் கடைசியாக அறுப்பதற்கு வெளியே விட்டுவைத்தாள். பொம்பளக் குரல் காதுல ஏறும். ஏறட்டும். பெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஸ்டோர் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். என்ன பேசுவது என்று அவளுக்கு யோசனையே வரவில்லை, வாய்க்குள் ஏற்கனவே வந்து உட்கார்ந்திருந்தது. ஆனால் பட்டனை அமுக்கினால் நாக்கு எழவில்லை. இருபத்திரண்டு வருஷம் அவரோடு இருந்தாள், ஏனுங்க என்றுதான் கூப்பிட்டாள், இங்க பாருங்க என்றுதான் கூப்பிட்டாள். ரேஷன் கடையில் புருஷன் பேர் என்ன என்று கேட்டால் பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லச் சொல்வாள். ஆஸ்பத்திரியில் பிணத்தை வாங்கும்போதுகூடக் காகிதம் கேட்டு வாங்கி எழுதித்தான் காட்டினாள். கட்டினவர் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று அம்மா சொல்லி வளர்த்தாள். குறைய இனி என்ன இருக்கிறது. அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது, இந்த ஊரில் அவர் பேரைச் சந்தையில் சொல்லிச் சிரிக்கலாம், கிளப்பில் பேரே சொல்லாமல் ஒருத்தர் என்று சொல்லலாம், சொல்லக்கூடாதது அவள் ஒருத்திதானா. பட்டனை அமுக்கினாள். முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை அழுகை கலந்து வந்தது, அழித்தாள், அழுகை அவனுக்கு எதற்கு. மூன்றாம் தடவை தோட்டத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டாள், முழுப் பேரையும், வாய் நிறைய. பட்டன் வயரை அறுத்தாள். இனி யாரும் திறந்து கைவைக்க முடியாதபடி பிசினைக் கலந்து உள்ளே ஊற்றி நிரப்பி, அது இறுகுகிற வரைக்கும் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

மேஜைக்கு வந்து குழாய்களை மாட்டினாள். "பாத்துக்கங்க சார். இது நீங்க நேராப் போறப்ப." பச்சை. சிரிஞ்சை இழுத்தாள். "இது மூக்கத் தூக்கறப்ப." பதினெட்டு, மஞ்சள். அவன் எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினான். "இது எறங்கறப்ப" என்றாள். பதினாறு. பதினாலு. தண்ணீர் குழாயில் ஒரே சீராக இறங்கியது. பன்னிரண்டில் சிவப்பு எரிந்தது, அவள் குரல் அறை முழுக்க எழுந்தது. "குழந்தைவேல். குழந்தைவேல்." அவள் சிரிஞ்சை அங்கேயே பிடித்துக்கொண்டாள், கை கல்லாக நின்றது. "குழந்தைவேல். குழந்தைவேல்." அவன் தலையிலிருந்து கர்ச்சீப் நழுவி மடியில் விழுந்தது, எடுக்கவில்லை. அவளைப் பார்த்தான், ஜாப் கார்டைப் பார்த்தான், மறுபடியும் அவளைப் பார்த்தான். அவன் முகம் ரத்தம் சுண்டி வெளுப்பதை அவள் அவசரமில்லாமல் பார்த்தாள், இதற்காகத்தான் ஆறு வருஷம் என்று அவளுக்குத் தோன்றியது, சந்தோஷமாகத்தான் இருந்தது, அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. "நீங்க..." என்றான். அவள் சிரிஞ்சை விட்டாள். சத்தம் நின்றது. "அவர் சம்சாரமுங்க" என்றாள். சார் போடவில்லை.

அவன் பெட்டியைத் தொட்டுப் பார்த்தான், பின்பக்கம் இறுகின பிசினை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். "சுவிட்ச்" என்று ஆரம்பித்தான், முடிக்கவில்லை. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, அவளுக்குக் கேட்டதோ கேட்கவில்லையோ என்கிற மாதிரி, "இல்லைங்க, எஞ்சின் ஓடிட்டுத்தான் இருந்துச்சு" என்றான். அந்த நாலு வார்த்தை. அவள் உட்காரவில்லை, நின்றபடியே சர்ட்டிபிகேட்டைப் புத்தகத்திலிருந்து கிழித்துப் பெட்டிமேல் வைத்து அவன் பக்கம் தள்ளினாள்.

"அது எனக்குத் தெரியுமுங்க. எழுதி வச்சவங்களுக்குத்தான் தெரியாது. ஸ்டேஷன்ல போயி உங்க கையால எழுதிக் குடுத்துட்டு, நகலோட வாங்க. பிசின ஒடச்சு வேற வார்த்த பேசிக் குடுக்கறேன். அது வரைக்கும் ஒவ்வொரு தடவ எறங்கறப்பவும் அவரு பேரக் கேட்டுட்டுத்தான் எறங்கோணும் நீங்க."